காதொலிக் கருவியும் தமிழ்ப் பேச்சொலிகளும்

கேள்வி என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். வினாவுக்கும் அதுவே பெயர். கேட்டல் என்னும் தொழிலுக்கும் அதுவே பெயர். செவிவழியாகப் பெறும் அறிவுக்கும் அதுவே பெயர். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் இப்பெயரைத் தாங்கி நிற்பதும், கல்வி, கல்லாமை ஆகிய இரண்டையும் அடுத்து அது வைக்கப்பெற்றிருப்பதும் யாவரும் அறிந்தனவே. ஏடு படிக்க இயலாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கொண்ட துணிபு. அங்ஙனமாயின், கேட்கும் புலனே தளர்ந்துபோன ஒருவர் அறிவோடும் உறவோடும் எவ்வாறு தொடர்பு கொள்வார்? இவ்வினாவை மொழி பயில்வோர் தமக்குப் புறம்பானது எனத் தள்ளிவிடுதல் இயலாது. மொழி முதற்கண் செவிக்குரியது. எழுத்து அதன் பின்னர் வந்தது.

எனவே தமிழ்த்துறை மலர் ஒன்றில் காதொலிக் கருவி பற்றிய கட்டுரை இடம்பெறுவது வியப்பிற்குரியதன்று. மருத்துவம் பற்றி மருத்துவர் எழுதுவர். நாம் ஈண்டு காண முற்படுவது வேறு. மக்கள் வழக்கில் ‘காது மிஷின்’ எனப்படும் இக்கருவியை அணிந்த ஒருவர் வீட்டிலும் கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் வகுப்பறையிலும் தமிழ்ப் பேச்சை எங்ஙனம் கேட்கிறார், எவ்விடத்தில் தவற விடுகிறார், வாங்கிய சில திங்களிலேயே பலர் அதனைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது ஏன் என்பனவே நம் ஆய்வுக்குரியவை.

உலக நலவாழ்வு நிறுவனம் செவித்திறன் குறித்து 2021ஆம் ஆண்டு உலக அறிக்கை ஒன்றை வெளியிட்டது. உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவராய் உள்ளனர் என்றும், அவருள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கணக்கிட்டது. கருவியால் பயன்பெறத்தக்கவருள் 17 விழுக்காட்டினரே அதனை அணிகின்றனர் என்பதும் அவ்வறிக்கை தரும் செய்தியே. விலை, மருத்துவமனையின் தொலைவு, நாணம் எனக் காரணங்கள் பல. இவற்றோடு, அணிந்து பார்த்துப் பயனில்லை என்று கழற்றி வைத்தோரும் உளர். இக்கட்டுரை பெரிதும் அவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பெறுகிறது.

சத்தம் வருகிறது, சொல் வரவில்லை

நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் தொலைபேசியில், “பெரியத்தா, மாமு நாளைக்கு வரலையாம்” என்று தெரிவிக்கப்பட்டது. அவர் செவியில் விழுந்தது “வரலாம்” என்பதே. மறுநாட்காலை பேருந்து நிலையத்திற்குச் சென்று வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். வீட்டார் வருந்தியபோது அவர் கூறிய விடை நினைவிற் கொள்ளத்தக்கது: “சத்தமெல்லாம் வருதும்மா, சொல்லுதான் வரலை.” செவித்திறன் வல்லுநர்கள் பக்கம் பக்கமாக விளக்கும் செய்தி இவ்வொரு தொடரில் அடங்கிவிடுகிறது.

இதன் காரணத்தை அறியச் செவியின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். காற்றில் வரும் ஒலியலை செவிப்பறையை அதிர்விக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று நுண்ணெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தையோடு போல் இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. சுருளின் வாயிலில் உள்ளவை கீச்சென்னும் மிகுசுருதி ஒலிகளையும், உள்நுனியில் உள்ளவை கனத்த தாழ்சுருதி ஒலிகளையும் உணர்கின்றன. முதுமையாலும் ஆலை இரைச்சலாலும் சில மருந்துகளாலும் முதலில் அழிபவை பெரும்பாலும் வாயிற்புறத்துச் செல்களே. அழிந்தவை மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை.

இனி நம் இலக்கணத்திற்கு வருவோம். உயிர்க்குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்பெறும் பாடம். ஒலியை அளக்கும் பொறிகள் ஏதுமற்ற காலத்தில் செவி ஒன்றையே கருவியாகக் கொண்டு வகுத்த இவ்வளவை இன்றைய ஒலியியல் பெரிதும் உறுதிப்படுத்துகிறது. பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில் உள்ளது. அவ்வாற்றலும் பெரிதும் தாழ்சுருதியைச் சார்ந்தது. மெய்யொலிகளோ குறுகியவை, மெலிந்தவை. அவற்றுள்ளும் வல்லினத்தின் வெடிப்பும் சகரத்தின் உரசலும் மிகுசுருதியில் உள்ளன. ஆனால் ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் வேலையைப் பெரிதும் செய்வன இம்மெய்களே.

படி, தடி, கடி, அடி என்னும் நான்கு சொற்களைக் காண்க. இவற்றுக்குப் பொதுவான பகுதி தளர்ந்த செவிக்கும் கேட்கும். வேறுபடுத்தும் முதல் ஒலியே கேட்பதில்லை. பால், கால், சால் என்பனவும் அத்தகையனவே. மோனை முழுதும் அழிந்து எதுகை மட்டும் எஞ்சிய செய்யுளைப் படிப்பது எவ்வளவு இடர்ப்பாடோ, அவ்வளவு இடர்ப்பாடு இவர்தம் அன்றாட உரையாடலில் உண்டு. வந்த ஒலியைக் கொண்டு விடுபட்டதை ஊகித்து நிரப்பியவண்ணம் அவர்கள் நாள் முழுதும் வாழ்கின்றனர். மாலையில் அவர்களைச் சூழும் சோர்வு இவ்வுழைப்பின் விளைவு. அதனை முதுமையின் சிடுசிடுப்பு என்று நாம் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம்.

தமிழுக்கே உரிய மற்றொரு கடினமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. நம் மொழியில் பயனிலை பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். காலம், இடம், பால், மதிப்பு ஆகிய அனைத்தும் அவ்விறுதிச் சொல்லில் திரண்டு கிடக்கின்றன. எதிர்மறையும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்பன ஓர் ஈற்று மெய்யால் வேறுபடுவன. வருவார் என்பதும் வரமாட்டார் என்பதும் இடைப்பகுதியால் வேறுபடுவன. ஆனால் பேசுவோர் மூச்சும் குரலும் தாழ்ந்து தேயுமிடம் எது? அதே தொடரிறுதிதான். செய்தியின் உயிர்நாடி எங்குள்ளதோ அங்கே ஒலி மங்குகிறது. பெரியத்தா பேருந்து நிலையத்தில் நின்ற கதையின் வேர் இதுவேயாகும்.

கருவி செய்வதும் செய்யாததும்

காதொலிக் கருவியின் அடிப்படை எளிது. ஒலிவாங்கி ஒன்று ஒலியை மின்குறியாக மாற்றும். பெருக்கி அதனை வலுப்படுத்தும். நுண்ணிய ஒலிபெருக்கி அதனைச் செவிக்குள் செலுத்தும். மின்கலம் இவற்றை இயக்கும். இதன் வரலாறும் சுவையானதே. இசைமேதை பீத்தோவனுக்கு மேல்சல் என்பார் உலோகத்தால் ஊதுகுழல் வடிவச் செவிக்குழாய்கள் செய்து கொடுத்தார். செவி மேலும் தளர்ந்தபின், 1818 முதல் நண்பர்கள் குறிப்பேட்டில் எழுதிக் காட்டிப் பீத்தோவனுடன் உரையாடினர். மின்னாற்றலால் இயங்கும் கருவியை அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1898இல் உருவாக்கினார். டிரான்சிஸ்டர் கொண்ட காதொலிக் கருவி 1952ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி கடைக்கு வந்ததோ 1954இல்தான். புதிய நுட்பம் பொழுதுபோக்குக்கு முன் செவித்துணைக்குப் பயன்பட்டது என்பது மகிழ்ச்சி தருவதாகும். முழுதும் எண்முறையில் இயங்கும் கருவிகள் 1996இல் காதுக்கு வந்தன. சட்டைப்பையில் பெட்டியும் காதுவரை கம்பியுமாக இருந்த பழைய வகையின் இடத்தை, காதின் பின்புறம் அமரும் வகையும் செவித்துளைக்குள் பொருந்தும் வகையும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.

ஒலியைப் பெருக்கினால் போதுமே, இதற்கு இத்துணை விலை எதற்கு என்று கேட்போர் உளர். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி இலட்சத்தையும் கடந்து செல்வதால் வினா நியாயமானதே. உட்செவி தளர்ந்தோர்க்கு மெல்லொலி கேளாது. வல்லொலியோ நம்மைப் போலவே, சிலர்க்கு நம்மினும் மிகுதியாகவே, உறைக்கும். “உரக்கப் பேசு” என்று கூறிய பெரியவரே உரக்கப் பேசியதும் “ஏன் கத்துகிறாய்” என்று சினப்பதன் காரணம் இதுதான். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவான கருவி பாத்திரம் விழும் ஓசையைச் செவியில் அறைந்துவிடும். மெல்லொலியை மிகுதியாகவும் வல்லொலியைக் குறைவாகவும், அவரவர் இழந்த சுருதிக்கு ஏற்பவும் பெருக்குதல் வேண்டும். அதற்குக் கேள்திறனை அளந்து எழுதிய ஆடியோகிராம் என்னும் வரைபடம் இன்றியமையாதது. பிறர் கண்ணாடியை இரவல் வாங்கிப் படிப்போர் இலர். மறைந்த தந்தையின் கருவியை மகன் எடுத்து மாட்டிக்கொள்ளும் வழக்கமோ நம் ஊர்களில் உண்டு. அது பயன் தாராது.

மருத்துவரைக் காணாமல் நேரே கடைக்குச் செல்வதும் தக்கதன்று. செவியில் குறும்பி அடைத்திருத்தல், செவிப்பறையில் துளை, நடுச்செவியில் நீர் முதலிய குறைகள் மருத்துவத்தால் தீரக்கூடியவை. நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரெனக் கேளாது போயின் அதனை அவசர நிலையாகக் கொண்டு உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நாள் கடந்தால் மீட்பு அரிதாகும்.

அணியத் தொடங்கும் காலம்

கருவியைக் கைவிட்டோர் பலரும் முதற் சில வாரங்களுக்குள்ளேயே மனம் தளர்ந்தவர்கள். கண்ணாடி அணிந்த அன்றே எழுத்துத் தெளிவது போலக் கருவி அணிந்த அன்றே சொல் தெளியும் என்று எதிர்பார்த்து ஏமாறுகின்றனர். பல்லாண்டுகள் மெல்லொலிகளைப் பெறாதிருந்த மூளைக்குத் திடீரென மின்விசிறியின் இரைச்சல், தாள் சரசரப்பு, குழாய்நீர், தம் செருப்போசை எனக் கணக்கற்ற ஓசைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. எது பொருட்படுத்தத்தக்கது, எது ஒதுக்கத்தக்கது என்று அது மீண்டும் பழகவேண்டும். தம் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கிறது என்பது மற்றொரு முறையீடு. செவித்துளை அடைபடுவதால் நேர்வது அது. காற்று செல்லச் சிறு துளையிட்டும் முனையை மாற்றியும் இதனைப் பெரிதும் குறைக்கலாம். குறையைப் பொருத்தியவரிடம் சென்று கூறாமல் கருவியை அலமாரியில் வைப்பது, தைத்த சட்டை சற்றே இறுக்கமாயிற்று என்று தையற்காரரிடம் கொடுக்காமல் எறிந்துவிடுவதற்கு ஒப்பாகும். இரண்டு மூன்று முறையேனும் சென்று சீர் செய்துகொள்ளுதல் இயல்பான நடைமுறையே.

முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும், நாளொன்றுக்குச் சில மணி நேரம் அணிந்து பழகி, பின்னர் நேரத்தையும் கூட்டத்தையும் பெருக்குவது நன்று. நம் துறை சார்ந்த பயிற்சி ஒன்றையும் ஈண்டுக் கூற விழைகிறோம். வீட்டிலுள்ள பிள்ளை ஒருவர் நாளிதழ்ச் செய்தியை இயல்பான குரலில் வாய்விட்டுப் படிக்க, கருவி அணிந்தவர் மற்றொரு படியில் விரல் வைத்துத் தொடர்தல் வேண்டும். கண் அறிந்த சொல்லோடு காது அறிந்த ஒலி இணைகிறது. பத்து நாட்கள் கழித்துப் படியை மூடிவிட்டுக் கேட்கலாம். பின்னர் படி, தடி, கடி போன்ற இணைச் சொற்களைக் கூறச் செய்து வேறுபாடு காணலாம். பேரப்பிள்ளையின் வாசிப்புத் திறனும் இதனால் வளரும் என்பது உடன்கிடைக்கும் ஊதியம்.

இரு செவியும் தளர்ந்திருப்பின் இரண்டிற்கும் கருவி அணிவதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒலி எத்திசையினின்று வருகிறது என்பதை இரு செவியும் சேர்ந்தே அறிவதால், சாலையைக் கடக்கும்போது இதன் பயன் தெரியும். பொருள் வசதி ஒன்றிற்கே இடந்தருமாயின் ஒன்றே நன்று. இன்மையினும் அது மேல்.

வீட்டிலும் வெளியிலும்

கருவியை உயிர்ப்போடு வைத்திருத்தல் ஒரு தனிக்கலை. மீள மின்னேற்றும் வகைகள் இப்போது பெருகியுள்ளன. பொத்தான் போன்ற துத்தநாகக் காற்று மின்கலங்களும் வழக்கில் உள்ளன. நீல ஒட்டுடையது 675, செம்மஞ்சள் 13, பழுப்பு 312, மஞ்சள் 10 என எண்ணும் நிறமும் உலகெங்கும் பொதுவானவை. எழுத்தறியாதவரும் நிறம் காட்டி வாங்கலாம். ஒட்டை உரித்ததும் காற்றுப் புகுந்து கலம் விழித்தெழும். ஒரு நிமிடம் பொறுத்துக் கருவியில் இடுதல் நன்று. உரித்த ஒட்டை மீண்டும் ஒட்டுவதால் ஆயுள் மிகுவதில்லை. சிறு குழந்தைகள் இதனை விழுங்கிவிட்டால் பெருந்தீங்கு நேரும். ஆதலின் தீர்ந்த கலத்தையும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

கடலோர ஊர்களில் கருவிக்குப் பகை உப்புக் காற்றும் வியர்வையும். இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட சிறு டப்பாவில் வைத்தால் ஆயுள் நீளும். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி உடனே கருவியை மாட்டினால் ஒலிவாங்கியின் நுண்துளை அடைந்துவிடும். எண்ணெய் ஊறித் துடைத்தபின் அணிவதே முறை. கருவி திடீரென ஊமையாகுமாயின் பழுது என்று அஞ்சுமுன் மின்கலத்தையும், முனையில் படிந்த குறும்பியையும் பார்த்தல் வேண்டும். கீயென்று சீழ்க்கை அடிப்பது பெரும்பாலும் அச்சு சரியாகப் பொருந்தாததாலோ செவியில் குறும்பி சேர்ந்ததாலோ நேர்வது.

முக்காடு இடும் பெண்மணிகளுக்கு உள்ள இடர் தனியே பேசப்பெறுவதில்லை. துணி ஒலிவாங்கியில் உராயும்போதெல்லாம் சருகை மிதிப்பது போன்ற ஓசை எழும். மெல்லிய, வழுவழுப்பற்ற பருத்தித் துணியை இறுக்காமல் இடுவதும், செவித்துளைக்குள் அமரும் வகையைத் தேர்வதும் இதனைத் தணிக்கும். கருவி வெளியே தெரியாது என்னும் ஆறுதல் அவர்களுக்கு உண்டு. அவ்வாறு தெரியாமையாலேயே பிறர் அவர்களிடம் விரைந்து பேசிவிடும் குறையும் உண்டு.

ஐவேளை தொழுவோர் ஒளுச் செய்யும்போது கருவியைக் கழற்றி, செவியைத் தடவி, ஈரம் உலர்ந்தபின் மீண்டும் அணிதல் வேண்டியுள்ளது. இத்தொல்லைக்காகப் பள்ளிவாசலுக்குப் புறப்படும்போதே வீட்டில் கழற்றி வைத்துவிடும் பெரியோர் பலர். அதன் பயனாக வெள்ளிக்கிழமை பயானில் ஒரு சொல்லும் அவர்களுக்கு எட்டுவதில்லை. சட்டைப்பையில் ஒரு சிறு டப்பாவும் கைக்குட்டையும் இருப்பின் இது தீரும். மற்றோர் உண்மையும் உளது. வெற்றுச் சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட கூடங்களில் ஒலி எதிரொலித்துக் கலங்கும். தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி இருப்பின் ஒரே சொல் முன்னும் பின்னுமாகப் பன்முறை வந்து சேரும். நல்ல செவி இதனைப் பொறுத்துக்கொள்ளும். கருவி அனைத்தையும் பெருக்கிக் கொடுத்துவிடும். பேசுவோர் முகம் தெரியும்படி முன்வரிசையில் அமர்வதே சிறந்த வழி. திருமணக் கூடத்துக்கும் கல்லூரி அரங்குக்கும் இது பொருந்தும்.

சில அயல்நாடுகளில் வழிபாட்டிடங்களிலும் அரங்குகளிலும் தரையோரமாக மின்கம்பி வளையம் ஒன்றை அமைக்கின்றனர். மேடை ஒலி அவ்வளையத்தின் காந்தப்புலம் வழியாக நேரே கருவிக்குள் செல்லும். கருவியில் ‘டெலிகாயில்’ என்னும் சுருள் இருத்தல் வேண்டும். வாங்கும்போது அது உள்ளதா என்று கேட்டறிவது நன்று. வளையம் இல்லாத ஊரிலும் அது சில தொலைபேசிகளுக்குப் பயன்படும்.

பேருந்திலும் தேநீர்க் கடையிலும் எந்த விலையுயர்ந்த கருவியும் முழு வெற்றி பெறுவதில்லை. இரைச்சலைக் குறைக்கும் நுட்பங்கள் வளர்ந்துள்ளன. எனினும் இரைச்சலும் சொல்லும் ஒரே சுருதியில் கலந்தபின் பிரிப்பது அரிது. கடைக்காரரிடம் விலையை எழுதிக் காட்டச் சொல்வதிலும், சன்னலுக்கு எதிர்ப்புறமாக அமர்வதிலும் தாழ்வு ஒன்றும் இல்லை. அனுபவம் மிக்கவர்கள் “என்ன?” என்று வெறுமனே வினவுவதில்லை. “மாமு எப்போது வருகிறார் என்றாய்?” என்று கேட்ட பகுதியைக் கூறிக் கேளாத பகுதியை மட்டும் வினவுகின்றனர். எதிரிலிருப்பவருக்கும் சலிப்பு உண்டாவதில்லை.

பேசுவோர் பங்கு

கருவி அணிந்துவிட்டார், இனி அவர் பாடு என்று வீட்டார் எண்ணிவிடுவதே பல கருவிகள் பெட்டிக்குள் உறங்குவதற்குக் காரணம் என்பது நம் கருத்து. உரையாடல் இருவர் தொழில். கத்துவதால் உயிரொலிதான் பெருகும். மெய்யொலி பெருகுவதில்லை, சிதைகிறது. கருவியும் ஓர் எல்லைக்கு மேல் வல்லொலியை வெட்டிவிடும். எனவே இயல்பான குரலில், சற்று நிதானமாக, தொடரின் கடைசிச் சொல்லை விழுங்காமல் கூறுதல் வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதினும் பத்தடி நடந்து சென்று கூறுவது பயனுடையது.

முகம் தெரியப் பேசுதலின் சிறப்பையும் இலக்கணத்தைக் கொண்டே விளக்கலாம். பகரமும் மகரமும் இதழ் பொருந்தப் பிறப்பன என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கிறது. கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றே. பால், மால் என்னும் சொற்களை இதழசைவு கொண்டு பிரிக்க இயலாது. ஆயின் மகரத்தின் மூக்கொலி தாழ்சுருதியில் இருப்பதால் தளர்ந்த செவியும் அதனைப் பிடித்துவிடும். பகரத்தையும் ககரத்தையும் பிரிப்பதோ செவிக்கு அரிது. கண்ணுக்கு மிக எளிது. கண் தவறுமிடத்தில் காதும், காது தவறுமிடத்தில் கண்ணும் உதவும்படி நம் ஒலிகள் அமைந்துள்ளன. வெற்றிலை மென்றுகொண்டும், கையால் வாயை மறைத்துக்கொண்டும், விளக்குக்கு முதுகு காட்டியும் பேசுவோர் இவ்வுதவியைப் பறித்துவிடுகின்றனர்.

ஒருமுறை கூறியது விளங்காவிடின் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுவதினும் வேறு சொல்லால் கூறுவது மேல். “வரலையாம்” விளங்கவில்லையா? “பயணத்தை நிறுத்திவிட்டார்” எனலாம். எல்லாவற்றினும் கொடியது “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்னும் விடை. நால்வர் நகைக்கும்போது காரணம் கேட்ட முதியவருக்கு இவ்விடை கிடைக்குமாயின், அடுத்த முறை அவர் கேட்கமாட்டார். சில திங்களில் கூடத்தில் வந்து அமர்வதையும் நிறுத்திக்கொள்வார். அவர் தனிமையை விரும்புகிறார் என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம்.

மொழியாசிரியர் என்னும் முறையில் ஒன்று கூற வேண்டியுள்ளது. கண்ணாடி அணிந்தவரைப் படித்தவர் என்று மதிக்கும் சமுதாயம், கருவி அணிந்தவரைக் கேலிக்குரியவராக்கி வைத்துள்ளது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழி வகுப்பறையில் நம் வாயிலிருந்தே எளிதாக வந்துவிடும். கேளாமையை அறியாமைக்கு உவமையாக்கும் இத்தகைய வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவர், தமக்குச் செவி மங்கும்போது அதனை மறைக்காமல் என் செய்வார்? ஐம்பதை எட்டும் ஆசிரியர்களுள்ளும் பின்வரிசை மாணவர் வினவுவது கேளாமல் புன்னகையோடு கடந்து செல்வோர் உளர். பாடம் பாதிக்கப்படுகிறது, அதனினும் மாணவன் தன் வினா மதிக்கப்படவில்லை என்று எண்ணிவிடுகிறான்.

கேளாமைக்கும் நினைவாற்றல் குன்றுதலுக்கும் உள்ள தொடர்பு இப்போது மிகுதியாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்றாண்டுகள் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அனைவரையும் ஒருங்கு நோக்கின், கருவி தந்தோர்க்கும் பிறர்க்கும் அறிவுத்திறன் குறைவதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இடர் வாய்ப்பு மிகுந்த ஒரு பிரிவினரிடம் அக்குறைவின் வேகம் 48 விழுக்காடு தணிந்திருந்தது. விளம்பரங்கள் பின்னதை மட்டும் எடுத்துக்கூறும். முன்னதையும் சேர்த்து அறிதல் படித்தவர் கடன். மறதிநோயைத் தடுக்கும் என்னும் உறுதி இல்லாவிடினும், மகன் பேசுவது கேட்கும் என்பதே அணிவதற்குப் போதிய காரணமாகும்.

உதவி பெறும் வழிகளையும் சுருங்கக் காண்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுச் சுருதிகளில் இரு செவியிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தோரைக் கேட்டல் குறையுடையோர் என்றும், 70 டெசிபல் இழந்தோரைக் கேளாதோர் என்றும் வரையறுக்கிறது. அதற்குக் குறைந்த இழப்புடையோர்க்குச் சான்றிதழ் கிடைப்பது அரிதெனினும், கருவியின் தேவை அவர்க்கும் உண்டு. நடுவணரசு 2017இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் வருவாய் குறைந்த 60 வயது கடந்தோர்க்கு வழங்கும் துணைக்கருவிகளுள் காதொலிக் கருவியும் ஒன்று. மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முன்னோடியாகும். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே சோதனையைத் தொடங்கலாம்.

இனி நம் கல்லூரியிலேயே செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. விழாக்களில் முன்வரிசையின் ஓரத்து இருக்கைகள் சிலவற்றைக் கேட்டல் குறைந்த பெரியோர்க்கென ஒதுக்கலாம். பேச்சாளர் முகத்தில் வெளிச்சம் விழுமாறு விளக்கை அமைக்கலாம். ஒலிவாங்கியை உதட்டை மறைக்குமாறு பிடிக்காமல் முகவாய்க்குக் கீழே பிடிக்கும்படி நம் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிப் பயிற்சியிலேயே கற்பிக்கலாம். வாழ்த்துரையின் எழுத்துப்படி ஒன்றை முன்னதாகவே அப்பெரியோர் கையில் கொடுத்துவிடலாம். பட்டியலில் உள்ள பெயர்களை அழைக்கும்போது விசிறிகளைச் சற்று நிறுத்தி வைத்தல் வேண்டும். தம் பெயர் அழைக்கப்பட்டதை அறியாமல் அமர்ந்திருக்கும் பெரியவரை அருகிலிருப்பவர் தட்டி எழுப்ப வேண்டிய நிலை நேராது.